அல்வாப் பெட்டியும் நிறுவையில் சேருமா?

தீபாவளி முடிந்து பொங்கல் வருவதற்குள் நம் நெல்லைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில் சாப்பாட்டைப் பற்றியவை இந்த முறை ஒன்றாக.

கேள்வி: மகளுக்குத் தலைத் தீபாவளி. சம்பந்தி வீட்டுச் சீருக்காக அல்வா, லட்டு, மைசூர்பாகு எல்லாம் சேர்த்து பத்து ஒரு கிலோ பெட்டிகள் வாங்கினோம். வீட்டில் சந்தேகப்பட்டு நிறுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் இனிப்பு 910 கிராம்தான் இருக்கிறது. கடையில் கேட்டதற்கு, "பண்டிகை நேரத்துல பெட்டியோட நிறுக்கதுதாம்மா வழக்கம்" என்கிறார்கள். அப்படி ஒரு வழக்கம் உண்டா? (வாசகி, தச்சநல்லூர்)

பதில்: வழக்கம் உண்டு, சட்டத்தில் இடம் இல்லை. சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009, நிகர எடையைத்தான் எடை என்கிறது. ஒரு கிலோ அல்வா என்று காசு வாங்கினால் ஒரு கிலோவும் அல்வாவாக இருக்க வேண்டும். அட்டை, தாள், ரிப்பன், மூடிக்குள் ஒட்டிய சாமி படம் எல்லாம் வியாபாரியின் செலவு. பெட்டிக்குக் காசு வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லி பில்லில் தனி வரியாகப் போடட்டும். அல்வா விலையில் அட்டையை விற்கக் கூடாது.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பெட்டிக்கு 90 கிராம் என்றால் பத்துப் பெட்டிக்கு 900 கிராம். கிலோ 480 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அது 432 ரூபாய். ஒரு பெட்டியில் தெரியாது, சீர்ப் பலகாரத்தில்தான் உறைக்கும்.

நிறுக்கும்போதே தடுப்பதுதான் லேசான வழி. மின்னணுத் தராசில் 'டேர்' என்று ஒரு பட்டன் இருக்கும். வெறும் பெட்டியை வைத்து அதை அமுக்கினால் தராசு பூஜ்யத்துக்கு வந்துவிடும். பிறகு இனிப்பை நிரப்பலாம். "அண்ணாச்சி, டேர் போட்டுட்டு நிறுங்க" என்று கேட்டால் போதும். கூட்டத்தில் எப்படிக் கேட்பது என்று கூச்சம் வேண்டாம். உங்களுக்குப் பின்னால் நிற்பவர்களும் அடுத்து அதையே கேட்பார்கள், கடைக்காரருக்கும் அது தெரியும். ஏற்கெனவே கட்டி அடுக்கி வைத்த பெட்டி என்றால் அதன்மேல் நிகர எடை, விலை, தயாரித்த நாள், தயாரித்தவர் முகவரி அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெட்டியை விட்டுவிட்டு எதிரிலேயே நிறுக்கச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் எடையளவுப் புகாரைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு எழுதலாம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை முத்திரை வைக்க வேண்டும், அந்தச் சான்றைக் கடையில் பார்வைக்கு வைக்கவும் வேண்டும். புகாரோடு பில்லும், வீட்டுத் தராசில் எடுத்த படமும் இருந்தால் நல்லது. பில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டும் பில் தராமல் இருப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை.

அல்வா என்று வந்ததால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கீழ ரத வீதி இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும், வரிசையும் நீளம். அதனால் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பஸ் ஏறும் அவசரத்தில் கண்ணில் பட்ட போர்டை நம்பி வாங்குகிறார்கள். பேர்போன கடைகளின் பெயரோடு ஓர் எழுத்தோ ஒரு சொல்லோ முன்பின்னாக வைத்த போர்டுகள் நம்மூரில் குறைவில்லை. அந்தக் கடை அல்வா மோசம் என்று சொல்ல வரவில்லை, சில இடங்களில் நன்றாகவே இருக்கும். ஆனால் குறிப்பிட்ட கடை அல்வாதான் வேண்டும் என்றால் போர்டைப் பார்க்காமல் பில்லில் உள்ள முகவரியைப் பாருங்கள். 2022 ஜனவரி முதல் உணவுக் கடை பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும்.

தட்டில் வைத்து விற்கும் உதிரி இனிப்புக்கும் 'இந்தத் தேதிக்குள் சாப்பிடவும்' என்ற சீட்டு வேண்டும். 2020 அக்டோபர் 1 முதல் இது கட்டாயம். கோதுமைப் பால், சீனி, நெய்யில் கிண்டிய அல்வா பயணத்தைத் தாங்கும். பால் இனிப்பு தாங்காது. சம்பந்தி வீடு கோயம்புத்தூர் என்றால் சீரில் ரசகுல்லா வேண்டாம்.

கேள்வி: தீபாவளி அன்று ராத்திரி வீட்டில் யாருக்கும் அடுப்படிக்குப் போக மனசில்லை. எட்டுப் பேர் ஹோட்டலுக்குப் போனோம். சாப்பாடு 2,400 ரூபாய். அதன்மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி என்று 2,772 ரூபாய் ஆகிவிட்டது. 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 40 ரூபாய் போட்டிருந்தார்கள். எது கொடுக்க வேண்டியது, எது வேண்டாதது? (வாசகர், வண்ணார்பேட்டை)

பதில்: சர்வீஸ் சார்ஜ் வேண்டாதது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஹோட்டல்காரர் தானாக அதை பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, அதன்மேல் ஜிஎஸ்டியும் போடக் கூடாது. உணவக உரிமையாளர் சங்கங்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர்நீதிமன்றம் வழிகாட்டுதல் செல்லும் என்று சொல்லிவிட்டது. பரிமாறிய தம்பிக்கு நீங்களாக ஐம்பதோ நூறோ கையில் வைப்பது வேறு விஷயம், அது உங்கள் விருப்பம்.

5 சதவீத ஜிஎஸ்டி சரி. 2,400க்கு 120 ரூபாய். ஆக நீங்கள் கொடுத்திருக்க வேண்டியது 2,520. மீதி 252 ரூபாய் அவர்கள் வாங்கியிருக்கக் கூடாதது. அடுத்த முறை ஜிஎஸ்டி எண் பில்லில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணே இல்லாத பில்லில் ஜிஎஸ்டி வரி மட்டும் இருந்தால் அந்தக் காசு அரசுக்குப் போகாது. சின்ன ஹோட்டல்கள் பல 'காம்போசிஷன்' முறையில், அதாவது விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தங்கள் கையிலிருந்தே வரியாகக் கட்டும் முறையில், இருக்கும். அவை வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கவே கூடாது.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் உங்களுக்குச் சாதகமாகச் சொல்ல முடியவில்லை. உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் இடமும் பரிமாறுதலும் சேர்ந்தே விற்கப்படுகின்றன என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கியதைக் குற்றமாக்க முடியாது. தெருக்கடையிலோ பஸ் ஸ்டாண்டு கடையிலோ அப்படி வாங்கினால் குற்றம்தான். ஹோட்டலில் பாட்டிலைத் திறக்கும் முன்பே "சாதாத் தண்ணி போதும்" என்று சொல்லிவிடுங்கள். தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு தண்ணீருக்கு 40 ரூபாய் கொடுப்பதில் எனக்கும் வருத்தம்தான்.

252 ரூபாய்க்கு முதலில் ஹோட்டல் மேலாளரிடம் பில்லோடு பேசுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: மருமகன் வந்ததற்காக ஆறு பேருக்குச் சொதி விருந்து பார்சல் சொல்லியிருந்தோம். முழுப் பணமும் முன்பணமாகக் கொடுத்தாகிவிட்டது. 12.30க்கு வந்தது. விருந்தாளிகள் கோயிலுக்குப் போய்விட்டு வர மூன்று மணி ஆயிற்று. இலை போட்டுத் திறந்தால் சொதி புளித்த வாடை. "நீங்க லேட்டா தொறந்தா நாங்க என்ன செய்ய" என்கிறார் சமையல்காரர். பணம் கேட்கலாமா? (வாசகி, பெருமாள்புரம்)

பதில்: கேட்கலாம். முழுதும் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன்.

சொதி முழுக்கத் தேங்காய்ப்பால். இரண்டாம் பாலில் காய் வேகவைத்து, முதல் பாலை ஊற்றியதும் கொதிக்க விடாமல் இறக்குவதுதான் முறை. கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். அதனால்தான் சாம்பார் மாதிரி மறுபடி தளதளவென்று சுடவைத்துக் காப்பாற்ற முடிவதில்லை. சமைத்த சாப்பாடு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிர வேண்டும். நடுவில் எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவுக்குக் கெடும். நம்மூர் மதிய வெக்கையில் மூடிய டப்பாவில் இரண்டரை மணி நேரம் என்பது அதிகம். அந்தப் பங்கு உங்களுடையது.

ஆனால் 12.30க்கு வந்த சொதி எத்தனை மணிக்கு இறக்கியது? காலை எட்டு மணிக்கே வைத்து டப்பாவில் அடைத்திருந்தால் பழி அவர் பக்கம் சாயும். பண்டிகை நாளில் நிறைய ஆர்டர் எடுப்பவர்கள் விடியலிலேயே சமைத்து முடிப்பது உண்டு. பார்சலில் சமைத்த நேரமும், எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்பதும் எழுதியிருந்ததா என்று பாருங்கள். எதுவும் சொல்லாமல் கொடுத்திருந்தால் உங்கள் வாதம் வலுக்கும். குறையுள்ள சேவைக்கு, பில்லில் காலக்கெடு எதுவும் இல்லாதபோது, 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதையும் சட்டம் நேர்மையற்ற நடைமுறை என்றே சொல்கிறது. சொதிக்கான காசை மட்டும் கேளுங்கள். இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கும் நன்றாக இருந்ததா இல்லையா? அதற்கும் சேர்த்துக் கேட்டால் பேச்சே நின்றுவிடும்.

யாருக்காவது வயிற்றுக்கு ஆகாமல் போயிருந்தால் கதை வேறு. மிச்சத்தைக் கொட்டாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மருத்துவர் சீட்டோடு மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322க்குப் படம் அனுப்புங்கள்.

அடுத்த தடவை சாதம், கூட்டு, பொரியல், பாயசத்தை வெளியில் சொல்லிவிட்டு, சொதியை மட்டும் வீட்டில் வையுங்கள். தேங்காய் துருவப் பொறுமை இருந்தால் போதும்.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பிளம் கேக்கில் முட்டை உண்டா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: பெட்டியில் பச்சை வட்டம் இருந்தால் முட்டை இல்லை. பழுப்பு முக்கோணம் இருந்தால் உண்டு. சட்டப்படி முட்டையும் அசைவக் கணக்குதான். குறியே இல்லாத பேக்கரிப் பெட்டி என்றால் வாயால் கேட்க வேண்டியதுதான். கூடவே எடையையும் பாருங்கள். அரைக் கிலோ போலத் தெரியும் பெட்டிக்குள் 350 கிராம் இருப்பது டிசம்பரில் சகஜம்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு அக்கா ஆர்டருக்கு முந்திரிக்கொத்தும் கருப்பட்டி அதிரசமும் செய்து தருகிறார். கை ருசி அருமை. உரிமம் இருக்கிறதா என்று கேட்டால் கோபித்துக்கொள்வாரோ? கருப்பட்டியில் சீனி கலக்கிறார்கள் என்கிறார்களே, அதையும் சொல்லுங்கள். (வாசகி, கேடிசி நகர்)

பதில்: கேட்காதீர்கள், சொல்லிக்கொடுங்கள். வீட்டில் செய்து விற்பவர்களும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். சிறு வியாபாரிகளுக்கான அந்தப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம், இணையத்திலேயே முடியும். கிடைக்கும் 14 இலக்க எண் 2 என்று தொடங்கினால் பதிவு, 1 என்று தொடங்கினால் உரிமம். அந்த எண்ணைப் பலகாரப் பொட்டலத்தில் ஒட்டினால் அவர் கடைகளுக்கும் கொடுக்கலாம். இப்படிச் சொன்னால் எந்த அக்கா கோபித்துக்கொள்வார்?

நான் வாங்கினால் இரண்டு விஷயம் கேட்பேன்: என்ன எண்ணெய், என்றைக்குச் சுட்டது. முந்திரிக்கொத்தில் தேங்காய் சேர்ந்திருந்தால் சீக்கிரம் காறல் வாடை வரும். அதைச் செய்த அன்றே வாங்குவது நல்லது.

கருப்பட்டிக் கலப்படம் உண்மைதான், சோதனைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. உடைத்த இடத்தில் சீனிக் கற்கண்டு போல மினுமினுத்தால், பனை வாடை இல்லாமல் வெறும் தித்திப்பு மட்டும் இருந்தால், சந்தேகப்படலாம். இது அறிகுறி மட்டும்தான்; உறுதியாகச் சொல்ல ஆய்வகம் வேண்டும். பதநீர் இறங்குவது கோடைக் காலத்தில். தீபாவளிக்கு வருவது சேமித்து வைத்த கருப்பட்டி, மழைக்கு லேசாகக் கசிவது அதன் இயல்பு. உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு ஊர்ப் பெயரைப் போட்டு விற்பது கூடியிருக்கிறது. பெயரைப் பார்க்கிறீர்களோ இல்லையோ, விலையைப் பாருங்கள். சீனியைவிடக் கொஞ்சம்தான் கூட என்ற விலைக்கு நல்ல கருப்பட்டி தர யாராலும் முடியாது.

கேள்வி: மாதம் 300 ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதம் பலகாரச் சீட்டு கட்டினேன். தீபாவளிக்கு எண்ணெய், பருப்பு, மைதா, இனிப்பு, ஒரு பாத்திரம் தருவதாகச் சொன்னார்கள். கடைசியில் பாத்திரமும் அரை கிலோ இனிப்பும்தான் வந்தது. மீதி "பொங்கலுக்கு" என்கிறார்கள். என்ன செய்யலாம்? (வாசகி, மேலப்பாளையம்)

பதில்: பொங்கல் வரை காத்திருக்க வேண்டாம். நீங்கள் கட்டியது 3,600 ரூபாய். வந்த பொருளின் கடை விலையைக் கழித்து, மீதியை எத்தனாம் தேதிக்குள் தருவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் கேட்டாலும் சரி. உங்கள் தெருவில் கட்டிய மற்றவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தீபாவளிச் சீட்டுகளில் பெரும்பாலானவை நம்பிக்கையின் பேரில் ஓடுகின்றன, அட்டையில் பதிவு எண் இருக்காது. பலரிடம் வசூலித்துவிட்டுத் தராமல் போனால் பொருளாதாரக் குற்றப்பிரிவுக் காவல்துறையிடம் போகலாம். 1997ஆம் ஆண்டு தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், 2019ஆம் ஆண்டு ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் சட்டமும் இதற்காகவே இருக்கின்றன. பணம் கொடுத்ததற்கு இருக்கும் ஒரே சாட்சி மாதாமாதம் கையெழுத்துப் போட்ட அட்டைதான். "கணக்குப் பார்க்கணும்" என்று அதை வாங்கிக்கொண்டு போக வருவார்கள். முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அசலைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.

அடுத்த வருஷத்துக்கு வங்கியில் அதே 300 ரூபாய்க்குப் பன்னிரண்டு மாத ஆர்.டி. போட்டுவிடுங்கள். பாத்திரம் கிடைக்காது, வட்டி கிடைக்கும். எண்ணெயையும் பருப்பையும் நீங்களே பார்த்து, டேர் போட்டு நிறுத்து வாங்கலாம்.