தூக்குவதற்கு முன் ஒரு நிமிடம்: ஆம்புலன்ஸ் ஊழியரிடம் கேளுங்கள்

தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் பதினோரு ஆண்டுகளாக 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். வந்த கேள்விகளில் பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, விபத்து நடந்த இடத்திலேயே நிற்கிறீர்களே, அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்கே போய்விடலாமே? (பாபநாசம் வாசகர்)

உங்கள் பதற்றம் நியாயமானது, தம்பி. போனவுடன் நாங்கள் பார்ப்பது ரத்தம் பீறிடுகிறதா, மூச்சு தடையின்றிப் போகிறதா, நாடி எப்படி, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா என்பதைத்தான். அலறுகிறவரைச் சற்று விட்டுவிட்டு, சத்தமே போடாமல் கிடப்பவரிடம் முதலில் போவோம். அது இரக்கமின்மை அல்ல. அலறுகிறவருக்கு மூச்சு இருக்கிறது.

பீறிடும் ரத்தத்தையும் அடைத்த மூச்சையும் அங்கேயே சரிசெய்தாக வேண்டும். இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விடும். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் கதை வேறு. கை சில்லிட்டு, வியர்த்து, நாடி படபடவென்று ஓடும். விரல் நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடியில் திரும்ப வேண்டிய சிவப்பு திரும்பாது. அந்தக் கசிவை அறுவை அரங்கில்தான் நிறுத்த முடியும். அப்போது ஒரு நிமிடம்கூட நிற்க மாட்டோம், டிரிப்பைக்கூட ஓடும் வண்டியில்தான் போடுவோம்.

தென்னை மரத்திலிருந்து மாமா விழுந்துவிட்டார். நாலு பேர் தூக்கி ஆட்டோவில் கொண்டுபோனோம். தவறா? (பேராவூரணி வாசகி)

அம்மா, கைகொடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோப்புக்குப் போனோம். விழுந்தவரை அக்குளில் இருவரும் காலில் இருவருமாகத் தூக்கித் திண்ணையில் கிடத்தியிருந்தார்கள். "விழுந்ததும் காலை மடக்கினாரே" என்று அவர் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கால் பெருவிரலைக் கிள்ளினேன். அவருக்கு உணர்வில்லை. தூக்கியதால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தக் கால்விரல் என் நினைவை விட்டுப் போகவில்லை.

முதுகெலும்பு உடைந்திருந்தால், உடல் நடுவில் தொய்ந்து முறுக்கும்போது உள்ளே ஓடும் தண்டுவடம் நசுங்கலாம். அதனால் ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரு கைகளாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். "அசையாதீங்க, வண்டி வருது" என்று பேசிக்கொண்டே இருக்கட்டும். எங்களிடம் நீளவாக்கில் இரண்டாகப் பிரியும் ஸ்ட்ரெச்சர் உண்டு. இரு பக்கமும் ஒவ்வொரு பாதியாக அடியில் செருகிப் பூட்டிவிடுவோம், ஆளைப் புரட்டவே வேண்டியதில்லை. வாந்தி எடுத்தால் மட்டும் தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களிக்க வேண்டும். தலையைப் பிடித்தவர் சொல்லும்போதுதான் மற்றவர்கள் திருப்ப வேண்டும்.

தீ, தண்ணீர், அறுந்த மின்கம்பி, நின்றுபோன மூச்சு இருக்கும் இடத்தில் அசைக்கக் கூடாது என்ற இந்த விதி செல்லாது. முதலில் உயிர், பிறகுதான் முதுகெலும்பு. மின்கம்பி என்றால் மின்சாரத்தை நிறுத்திய பிறகே தொடுங்கள்.

பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்க, ஏன் தஞ்சாவூர் வரை இழுத்தடிக்கிறீர்கள்? (மன்னார்குடி வாசகர்)

தலையில் பலத்த அடி, ஆள் மயக்கம் என்றால் ஸ்கேனும் அறுவை மருத்துவரும் இருக்கும் இடம்தான் அவருக்குப் 'பக்கம்'. சிறிய மருத்துவமனையில் இறக்கி, எழுதி, மறுபடி ஏற்றுவதற்குள் கைக்குக் கிடைத்த நேரம் போய்விடும். வழியில் மூச்சு தாங்காது என்று தோன்றினால் அருகில் உள்ள மருத்துவமனையில் நிறுத்தி, நிலைப்படுத்திக்கொண்டு போவோம். உறவினர்கள் ஒரு குறிப்பிட்ட தனியார் மருத்துவமனைக்குப் போகச் சொல்லி வண்டியை மறிப்பதும் உண்டு. தயவுசெய்து மறிக்காதீர்கள். செலவை எண்ணித் தயங்குகிறவர்களும் தெரிந்துகொள்ளுங்கள்: 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைப் பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் ஒரு வரம்பு வரை அரசே ஏற்கிறது.

அடிபட்டவருக்குத் தண்ணீர், சோடா கொடுக்கலாமா?

வேண்டாம். அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் இறங்கலாம். உதட்டை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், போதும்.

உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமா?

வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயரைச் சொல்லும்படிகூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

சம்பா நடவு நேரம், வயலுக்குள் வண்டி வராது. கயிற்றுக் கட்டிலில் தூக்கி வரலாமா? (திருத்துறைப்பூண்டி வாசகர்)

விழுந்து அடிபட்டவரை வேண்டாம், ஐயா. கட்டில் நடுவில் தொய்யும், வரப்பில் ஒருவர் கால் வழுக்கினாலும் ஆள் சரிந்துவிடுவார். ஸ்ட்ரெச்சரோடு நாங்களே சேற்றில் இறங்கி வருகிறோம். எங்கள் வண்டியில் மருத்துவ உதவியாளரும் ஓட்டுநரும் ஆக இரண்டே பேர்தான், அதனால் தூக்குவதற்கு நான்கு திடமான ஆட்களை நிறுத்தி வையுங்கள். இன்னொருவர் டார்ச் விளக்கோடு பிரதான சாலையில் நிற்கட்டும். இரவில் ஆற்றங்கரைச் சாலையில் எந்த மதகுக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது.