பின்னோக்கி அழுத்தினால் கழலும் ஃபிக்ஸட் பல்சக்கரம்

உங்கள் பழைய ரோடு பைக்கின் பின்சக்கர ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடம்) கடைக்காரர் போட்டுத் தந்த ஃபிக்ஸட் பல்சக்கரம், அதாவது சக்கரம் சுழலும்போதெல்லாம் பெடலையும் சேர்த்துச் சுழற்றும் பல்சக்கரம், நிற்காது. எவ்வளவு இறுக்கினாலும் இதே கதைதான். தக்கலை இறக்கத்தில் வேகம் குறைக்கப் பெடலைப் பின்னோக்கி அழுத்தியதும் கழன்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரரைக் குறை சொல்ல வேண்டாம். பழைய ரோடு பைக் ஹப் பிரீவீலுக்காக, அதாவது மிதிக்காதபோதும் சக்கரத்தைத் தனியே சுழலவிடும் பல்சக்கரத்துக்காகச் செய்தது. முன்னோக்கி மிதித்தால் இறுகும் ஒரே மரைதான் அதில் உண்டு. பின்னோக்கி அழுத்தினால் அதே மரை அவிழும்.

பல்சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். ஃபிக்ஸட் பல்சக்கரத்துக்கென்றே செய்த டிராக் ஹப் என்றால் பெரிய மரைக்கு வெளியே, சற்றுச் சிறிய விட்டத்தில் இன்னொரு படி தெரியும். அது எதிர்த்திசையில் இறுகும் மரை. லாக் ரிங் என்ற பூட்டு வளையம் அதில்தான் ஏறும். பல்சக்கரம் அவிழப் பார்த்தால் லாக் ரிங் இறுகித் தடுக்கும்.

அந்தப் படி இல்லையா? பாட்டம் பிராக்கெட்டின் (பெடல் அச்சு சுழலும் பகுதி) லாக் ரிங்கை ஏற்றி மரைப் பசை போட்டு ஓட்டுபவர்கள் உண்டு. மார்த்தாண்டம் பக்கத்து ஏற்ற இறக்கத்துக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். டிராக் ஹப் வாங்கி அதே ரிம்மில் ஸ்போக் கம்பி கோத்துக்கொள்ளுங்கள். கம்பி நீளம் மாறலாம், அளந்து வாங்குங்கள். உங்கள் ஃபிரேமில் பின்சக்கர ஹப் உட்காரும் இடைவெளி 126 மி.மீ. என்றால், டிராக் ஹப் பெரும்பாலும் 120. இருபுறமும் 3 மி.மீ. வாஷர் போதும். நல்ல ஸ்டீல் ஃபிரேம், அதை வெட்டி ஒட்ட வேண்டாம்.

ஹப் வரும்வரை சிங்கிள் ஸ்பீடு பிரீவீல் போட்டு, முன் பின் இரண்டு பிரேக்கோடும் வேலைக்குப் போங்கள். ஃபிக்ஸட் ஆன பிறகும் முன் பிரேக்கைக் கழற்றாதீர்கள்.