கூட்டாற்றலும் கணக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மருந்தியல் முதல் மேலாண்மை வரை ‘சினர்ஜி’ என்னும் கருத்து பேசப்படுகிறது; தனித்தனி விளைவுகளின் கூட்டுத்தொகையைவிடச் சேர்ந்தால் அதிகம் கிடைக்கும் என்னும் கூட்டாற்றல் அது. மேலாண்மையாளர்கள் ‘இரண்டும் இரண்டும் ஐந்து’ என்கிறார்கள். எல்லாத் துறைகளும் ஒரே கூட்டாற்றலைத்தான் சொல்கின்றனவா, அல்லது அறிவியலிடம் இரவல் வாங்கிய அலங்காரமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கருத்து ஒன்றுதான்; அதைச் சோதிக்கும் கண்டிப்பே துறைக்குத் துறை மாறுகிறது. கூட்டாற்றல் உண்டு என்பவர், அது இல்லாதிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதை முதலில் காட்டியாக வேண்டும்.

மருந்தியலில் அதற்கு வழியிருக்கிறது. கோ-ட்ரைமாக்சசோல் என்னும் பாக்டீரியா எதிர்ப்பு மருந்தில் சல்ஃபமீதாக்சசோலும் ட்ரைமீத்தோப்ரிமும் 5:1 விகிதத்தில் உள்ளன. பாக்டீரியா தன் வளர்ச்சிக்குத் தேவையான ஃபோலேட் என்னும் வைட்டமினை உருவாக்கும் பாதையில் இரு வெவ்வேறு படிகளை இவை தடுப்பதால், தனித்தனியே தேவைப்படும் அளவுகளைவிடக் குறைவான அளவுகளே ஆய்வகத்தில் போதுமானவையாகின்றன. ஆனால் இங்கும் வெறும் கூட்டல் நம்மை ஏமாற்றிவிடும். அரை மாத்திரை பலன் தராமல் முழு மாத்திரை பலன் தந்தால், ஒரே மருந்தின் இரு பாதிகளுக்கிடையே கூட்டாற்றல் இருப்பதாகச் சொல்வோமா? அளவுக்கேற்ப விளைவு நேர்கோட்டில் ஏறுவதில்லை என்பதே அங்கு காரணம். அதனால்தான் மருந்தியலாளர் லோவே விளைவுகளைக் கூட்டாமல், ஒரே விளைவைத் தரும் அளவுகளை ஒப்பிட்டார். உயிரிப் புள்ளியியலாளர் பிளிஸ் 1939இல் நிகழ்தகவைக் கொண்டு வேறோர் அளவுகோலை முன்வைத்தார். ஒரே தரவுக்கு இவ்விரண்டும் வெவ்வேறு தீர்ப்பு சொல்வதும் உண்டு.

சேர்க்கை எப்போதும் நன்மைக்கே என்பதும் இல்லை. செல்சுவர் கட்டி வளரும் பாக்டீரியாவையே பெனிசிலின் கொல்லும். வளர்ச்சியை நிறுத்தும் டெட்ராசைக்ளின் அதனுடன் சேர்ந்தால் பெனிசிலினின் வேலையைக் கெடுத்துவிடக்கூடும். மதுவும் தூக்க மாத்திரையும் சேர்ந்து மூச்சையே அடக்கிவிடலாம். அதுவும் கூட்டு விளைவுதான்.

மேலாண்மைக்கு இக்கருத்தைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் மேலாண்மை அறிஞர் ஆன்சாஃப். 1965இல் வெளிவந்த அவரது நூலுக்குப் பிறகு, நிறுவன இணைப்புகளை நியாயப்படுத்த இது கைவசமான வாதமாகிவிட்டது. 1998இல் இணைந்த கார் நிறுவனங்களான டைம்லரும் கிரைஸ்லரும் 2007இல் பிரிந்ததை வைத்து மட்டும் நான் இதை மறுக்கவில்லை. இணையாமலே இருந்திருந்தால் அவை எப்படி நடந்திருக்கும் என்பதை யாராலும் ஓட்டிப் பார்க்க முடியாது என்பதே என் தயக்கம். இரண்டு கணக்குப் பிரிவுகளில் ஒன்றை மூடி மிச்சப்படுத்துவதையும் இக்கணக்கில் சேர்க்கிறார்கள். என் பார்வையில் அது செலவுக் குறைப்பு, அவ்வளவே.

மனிதக் குழுக்களை அளந்து பார்த்தவர்களும் உண்டு. பிரெஞ்சுப் பொறியாளர் ரிங்கெல்மான் 1913இல் வெளியிட்ட ஆய்வில், கயிற்றைச் சேர்ந்து இழுப்போரின் எண்ணிக்கை கூடக் கூட, ஒவ்வொருவரும் சராசரியாகச் செலுத்திய விசை குறைந்துகொண்டே போனது.