அண்ணியோட கேக்கும் ஊட்டியில உக்காரும், முன்னாடியே சொல்லிடுங்க

கேள்வி: அக்கா, நான் திருநெல்வேலிப் பொண்ணு, கல்யாணமாகி ஊட்டிக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. டிசம்பர் 23 அன்னிக்கு எங்க வீட்டுல எல்லாரும் கூடி கேக் போடறது வழக்கம். சென்னையில இருந்து நாத்தனார் (நான் அண்ணின்னுதான் கூப்பிடுவேன்) குடும்பம், பக்கத்து வீட்டுக்காரங்க, என்கூட வேலை பாக்கற டீச்சர்ஸ்னு பதினஞ்சு பேர் வருவாங்க. போன வருஷம் நான் போட்ட பிளம் கேக் நடுவுல குழி விழுந்து உக்காந்துடுச்சு. அம்மா வீட்டுல அதே அளவுல எத்தனையோ தடவை போட்டிருக்கேன், ஒரு தடவை கூட இப்படி ஆனதில்ல. எல்லார் முன்னாடியும் அண்ணி "கேக்குக்கெல்லாம் கைராசி வேணும்"னு சொல்லிட்டாங்க. இந்த வருஷம் அவங்க ரெசிபியக் கொண்டு வந்து அவங்களே போடறாங்களாம். இருக்கறது ஒரே ஒரு ஓடிஜி (கேக் சுடற கரண்ட் அடுப்பு), வர்ற டீச்சர்ல ஒருத்தங்க முட்டை சேக்க மாட்டாங்க, மனசே விட்டுப் போச்சு. நான் என்னதான் பண்றது?
— பெயர் வேண்டாம், ஊட்டி

பதில்: தங்கச்சி, கைராசின்னு ஒண்ணும் கெடையாதும்மா, அந்தக் கேக்க உக்கார வெச்சது உங்க ஊரோட உயரம். திருநெல்வேலி கடல் மட்டத்துல இருந்து அம்பது மீட்டர் கூட வராது, ஊட்டி 2,240 மீட்டர். அவ்ளோ மேல காத்தோட அழுத்தம் கம்மி, தண்ணியே 92, 93 டிகிரியில கொதிச்சிடும், குக்கர் இல்லாம அங்க பருப்பு வேகாதுன்னு உங்க அத்தை சொல்லியிருப்பாங்களே, அதே சங்கதிதான் கேக்குலயும். பேக்கிங் பவுடர்ல இருந்து வர்ற வாயு கீழ இருக்கறத விட அங்க ரொம்ப விரியும், மாவு சர்ருனு மேல ஏறிடும், ஆனா மாவும் முட்டையும் வெந்து கெட்டிப்பட்டு அந்த உயரத்தத் தாங்கிப் பிடிக்க நேரம் பத்தாது, அதுக்குள்ள குமிழெல்லாம் ஒடஞ்சு நடுவு எறங்கிடும்.

நான் கல்யாணமாகி குன்னூர்ல ஆறு வருஷம் இருந்தவ, அது உங்க ஊர விட நானூறு மீட்டர் கீழதான், அங்கயே எனக்கு இது நடந்துச்சு. ஓடிஜி முன்னாடி ஸ்டூல் போட்டு கண்ணாடி வழியா பாத்துட்டே இருந்தேன், இருபது நிமிஷத்துல கோபுரம் மாதிரி எழும்பி டின்னுக்கு மேல நின்னுச்சு, மனசு நெறஞ்சு போச்சு, அப்புறம் மெதுவா நடுவுல ஒரு சுருக்கம் விழுந்து, பச்சக் கொழந்தையோட உச்சிக்குழி மாதிரி அப்படியே உள்ள எறங்குச்சு. நான் கதவத் தொடக் கூட இல்ல. அடுத்த நாள் பேக்கரிக்கார பெரியவர் ஒருத்தர்கிட்ட சொல்லி அழாத கொறை, அவர் கேட்டது ஒரே கேள்வி, "கீழ் ஊரு அளவுல போட்டியாம்மா?"

அதனால அளவ மாத்தணும். 200 கிராம் மைதாவுக்கு ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போடறீங்கன்னா, ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல, அவ்ளோதான். சர்க்கரை 200 கிராம்னா 25 கிராம் எடுத்துடுங்க, சர்க்கரை அதிகமா இருந்தா கேக் கெட்டிப்படறது தள்ளிப் போகும். மேல ஈரம் சீக்கிரம் ஆவியாயிடும், அதனால பாலோ ஆரஞ்சு ஜூஸோ மூணு டேபிள்ஸ்பூன் கூட, மைதாவும் ரெண்டு டேபிள்ஸ்பூன் கூட. ஓடிஜி 170 டிகிரின்னா 180 வைங்க, பத்து நிமிஷம் முன்னாடியே குச்சி விட்டுப் பாக்க ஆரம்பிங்க. முட்டைய நொரை பொங்கப் பொங்க அடிக்காதீங்க, டின்ல பாதிக்கு மேல மாவு ஊத்தாதீங்க. இதையெல்லாம் 23 அன்னிக்கு முதல் தடவையா செஞ்சு பாக்க வேணாம், பத்து நாள் முன்னாடி பாதி அளவுல ஒரு கேக் போட்டுப் பாத்துடுங்க, ஓடிஜிக்கு ஓடிஜி சூடு மாறும், உங்களோடது எப்படின்னு அப்ப தெரிஞ்சிடும்.

இப்ப அண்ணி விஷயம். அவங்க ரெசிபி சென்னை ரெசிபி, கடலோரத்துல ஒக்காந்து போட்டது. அத அப்படியே உங்க வீட்டுல போட்டா அதுவும் உக்காந்துடும், இதுல எனக்குச் சந்தேகமே இல்ல. உங்களுக்கும் இப்ப அது புரிஞ்சிருக்கும். சும்மா வாய மூடிட்டு இருந்தா 23 அன்னிக்கு சாயங்காலம் அதே பதினஞ்சு பேர் முன்னாடி அவங்க கேக்ல குழி விழும், போன வருஷம் பட்டதுக்கு ஈடாயிடும்னு ஒரு நெனப்பு வரும்மா, வந்தா தப்பில்ல, நீங்களும் மனுஷிதான். ஆனா அத செய்யாதீங்க. அந்த டின்னப் பாத்து நின்னப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும், தெரிஞ்சே இன்னொருத்தர அந்த எடத்துல நிறுத்த வேணாம், அவங்க பிள்ளைங்க வேற பக்கத்துல நிப்பாங்க. போன் பண்ணி சொல்லிடுங்க.

வாட்ஸ்அப்ல மெசேஜ் போடாதீங்க, போனே பண்ணுங்க, அதுவும் ட்ரையல் கேக் நல்லா வந்த அன்னிக்கே. "அண்ணி, போன வருஷம் ஏன் அப்படி ஆச்சுன்னு கண்டுபிடிச்சிட்டேன், இங்க உயரத்துக்கு பேக்கிங் பவுடர் கொறைக்கணுமாம், உங்க அளவ சொல்லுங்க, நான் இங்க பாதி அளவுல போட்டுப் பாத்து வைக்கறேன், நீங்க வந்து முழுசா போடுங்க"ன்னு சொல்லுங்க. அதோட சேத்து இன்னொண்ணும் சொல்லணும், "கைராசின்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே அண்ணி, அது எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு"ன்னு. ஒரே ஒரு தடவை, கோவமில்லாம, அவங்களுக்கு மட்டும் கேக்கற மாதிரி. நெறைய பேர் இந்த எடத்துல "விட்டுக் கொடுத்துப் போ"ன்னு சொல்லுவாங்க, நான் சொல்ல மாட்டேன். சொல்லாம வெச்சிருந்தா அது ஒவ்வொரு டிசம்பருக்கும் கூடவே வரும். அவங்க மன்னிப்புக் கேக்கலாம், பேச்ச மாத்தலாம், எதுவா இருந்தாலும் நீங்க அடுத்த நிமிஷம் "சரி அண்ணி, முந்திரி எவ்ளோ போடுவீங்க"ன்னு கேட்டுடுங்க.

"என் ரெசிபியில கைய வைக்காத"ன்னு சொன்னாங்கன்னா கேரளாவுல இருக்கற தலச்சேரியோட கதைய சொல்லுங்க. 1883-ல மர்டாக் பிரவுன்ங்கற வெள்ளைக்காரர் இங்கிலாந்துல இருந்து கொண்டு வந்த கேக்க அந்த ஊர் பேக்கரிக்காரர் மம்பள்ளி பாப்புகிட்ட குடுத்து இதே மாதிரி செஞ்சு தான்னு கேட்டாராம், நம்ம நாட்டோட முதல் கிறிஸ்மஸ் கேக் அதுதான்னு சொல்லுவாங்க. பாப்பு அந்த வெளிநாட்டு ருசிய நம்ம ஊர் சரக்க வெச்சுதான் கொண்டு வந்தாரு. கேக்கு எந்த ஊருக்கு வருதோ அந்த ஊருக்கு மாறும், அதுல ரெசிபிக்காரங்களுக்கு ஒரு கொறையும் இல்ல.

குளிர் இன்னொரு தனிக் கதை. உறைபனி காலத்துல தலைகுந்தா பக்கம் புல்லு வெள்ளையா கெடக்கற காலையில அடுக்களையில இருக்கற வெண்ணெய் கல்லு மாதிரி இருக்கும், எத்தனை மணி நேரம் வெளிய வெச்சாலும் இளகாது. பொறுமை போய் அடுப்புல வெச்சு உருக்கிடாதீங்க, உருகின வெண்ணெயில காத்து நிக்காது. வெண்ணெய சின்னத் துண்டா நறுக்கி ஒரு தட்டுல பரப்புங்க, ஒரு எவர்சில்வர் பாத்திரத்துல கொதிக்கற தண்ணிய ஊத்தி ரெண்டு நிமிஷம் விட்டு, தண்ணியக் கொட்டித் தொடச்சிட்டு, அந்த சூட்டோட வெண்ணெய் மேல கவுத்து வைங்க. பத்து நிமிஷம் கழிச்சு விரல் வெச்சு அமுக்கினா குழி விழணும், ஆனா பளபளன்னு எண்ணெய் விடக் கூடாது, அதுதான் பதம். முட்டையும் ஜில்லுன்னு இருந்தா கலவை திரிஞ்ச பால் மாதிரி ஆயிடும், வெதுவெதுப்பான தண்ணியில அஞ்சு நிமிஷம் போட்டு எடுங்க.

ஒரே ஓடிஜிங்கறது பெரிய கவலையே இல்ல. முட்டை சேக்காத டீச்சரோடத முதல்ல வைங்க, அது அவங்களுக்குக் காட்டற மரியாதை, அவங்களும் கடைசி வரைக்கும் காத்திருந்து ஆறினத சாப்பிட வேணாம். டின், கரண்டி, அடிக்கற விஸ்க் எல்லாம் முட்டை படறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வெச்சிடுங்க. தயிரும் சோடாவும் போட்டு செய்யற கேக் முட்டை கேக்க விட இன்னும் சீக்கிரம் எறங்கும், தாங்கிப் பிடிக்க முட்டை இல்லையே, அதனால பெருசா ஒண்ணு போடாம சின்னச் சின்ன கப்ல ஊத்துங்க, இருபது நிமிஷத்துல வெந்து கெட்டிப்பட்டுடும். அத வெளிய எடுத்ததும் அண்ணியோட பெரிய கேக். உங்களோடத 21-ந் தேதியே போட்டு வெச்சிடுங்க, பிளம் கேக் ரெண்டு நாள் இருந்தாதான் ருசியே ஊறும், அன்னிக்கு நீங்க அடுப்பே கதின்னு நிக்காம எல்லார் கூடவும் ஒக்காரலாம்.

பெரிய கேக் வேகற அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் கலகலாங்கற பொரிச்ச பலகாரம். மைதா, தேங்காப்பால், சர்க்கரை, கொஞ்சம் நெய், உப்பு, கெட்டியா பெசஞ்சு வெச்சிட்டு ஹால்ல பாய விரிச்சு பெரிய தட்டு நாலு வெச்சிடுங்க. சுண்டைக்கா அளவு உருண்டைய ஃபோர்க்கோட முதுகுல வெச்சு கட்டைவிரலால அழுத்தி சுருட்டினா வரி வரியா சங்கு மாதிரி வரும், மொத பத்து கோணலா வரும், அப்புறம் கை பழகிடும். வாண்டுங்கள்ல இருந்து பக்கத்து வீட்டுப் பாட்டி வரைக்கும் ஒரே தட்ட சுத்தி ஒக்காந்து செய்யலாம், கதை பேசலாம், நீங்களும் அண்ணியும் ஒரே பக்கமா ஒக்காருங்க. பொரிக்கற வேலை மட்டும் பெரியவங்க ஒருத்தர். கேக் கலருக்கு சர்க்கரைய கருக்கற வேலையையும் அன்னிக்கு வெச்சுக்காம முந்தின நாளே முடிச்சிடுங்க, கருத்த சர்க்கரையில சுடுதண்ணி ஊத்தறப்ப அது சீறித் தெறிக்கும், பிள்ளைங்க ஓடிட்டு இருக்கற வீட்டுக்கு அது ஆகாது.

ஓடிஜி, ரூம் ஹீட்டர், கீசர் மூணையும் ஒரே நேரத்துல போட்டா எம்சிபி (லோடு கூடினா கரண்ட நிறுத்தற சுவிட்ச்) விழுந்துடும், பாதி வெந்த கேக் அப்படியே உள்ள கெடக்கும், அதனால எல்லாரும் குளிச்சு முடிச்சதும் ஆரம்பிங்க. இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம்மா, சென்னைக்காரங்க குளிர் தாங்காம கரி அடுப்ப உள்ள கொண்டு வந்து கதவு ஜன்னல் சாத்தலாம்னு சொன்னா எக்காரணம் கொண்டும் விடாதீங்க, அந்தப் புகையில வர்ற கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆளக் கொன்னுடும், மலையில தங்க வந்தவங்க அப்படிப் போயிருக்காங்க. ஸ்வெட்டர், கம்பளி, சுக்குக் காப்பி போதும், அடுக்களை ஜன்னல் ஒண்ணு எப்பவும் கொஞ்சம் தொறந்தே இருக்கட்டும். அவங்க சொந்தக் கார்ல வர்றாங்கன்னா நீலகிரிக்குள்ள வர்றதுக்கான இ-பாஸ் எடுக்கச் சொல்லி போன்லயே ஞாபகப்படுத்திடுங்க, இருட்டறதுக்கு முன்னாடி மேல வந்து சேரச் சொல்லுங்க, அந்தக் கொண்டை ஊசி வளைவுல மூடுபனி எறங்கிட்டா ஒண்ணும் தெரியாது.

ஊருக்குக் கெளம்பறப்ப ரெண்டு கேக்லயும் பாதிப் பாதி வெட்டிக் குடுத்து அனுப்புங்க. சூடு சுத்தமா ஆறின பிறகு பட்டர் பேப்பர்ல சுத்தி தகர டப்பாவுல வைங்க, நீலகிரியில பிளாஸ்டிக் கவருக்குத் தடை இருக்கறது உங்களுக்குத் தெரியாததில்ல. அண்ணியோட ரெசிபிய உங்க நோட்டுல அவங்க கையாலயே எழுதி வாங்கிக்குங்க, பக்கத்துல "ஊட்டிக்கு"ன்னு போட்டு மாத்தின அளவ நீங்க எழுதுங்க, அடுத்த டிசம்பர்ல அந்தப் பக்கத்தத் தொறந்து வெச்சா போதும், யார் மாவு கலக்கறாங்கன்னு அன்னிக்குப் பாத்துக்கலாம்.