ஆம்ப்ளிஃபயர் கேள்வி-பதில்: எர்த் பின்னை வெட்டாதீர்கள்

கேள்வி: ஆம்பை ஆன் செய்ததும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல். லேப்டாப்பைக் கழற்றினால் நின்றுவிடுகிறது. ஆம்ப் பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிடச் சொல்கிறார் பக்கத்துக் கடைக்காரர். செய்யலாமா? (சோழவந்தான் வாசகர்)

வேண்டவே வேண்டாம். எர்த்தை எடுத்தால் இரைச்சல் நிற்கும், உண்மைதான். ஆனால் உயிருக்கு இருக்கும் காவலும் அதோடு போய்விடும். ஆம்புக்குள் பேஸ் வயர் உரிந்து பெட்டியைத் தொட்டால், எர்த் இருக்கும்வரை கரண்ட் அந்த வழியே பாய்ந்து ஃபியூஸ் போகும். எர்த் இல்லாவிட்டால் ஃபியூஸும் போகாது, பெட்டி மேல் 230 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். மைக்கின் உலோக உறையும் கேபிள் ஷீல்டு (உள் வயரைச் சுற்றியிருக்கும் கம்பிப் பின்னல்) வழியாக அந்தப் பெட்டியோடு சேர்ந்ததுதான். 1972-ல் வேல்ஸின் ஸ்வான்சீ நகரில், ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். நம் கோயில் மேடைகளில் பாடுகிறவர்கள் வெறுங்காலோடு, பல நேரம் ஈரத்தரையில் நிற்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

சரி, இரைச்சலுக்கு வருவோம். சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் உறுதி: லேப்டாப் ஒரு பிளக் பாயிண்டிலும் ஆம்ப் வேறொன்றிலும் எர்த் எடுக்கின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள சின்ன வோல்டேஜ் வித்தியாசம் ஆடியோ கேபிளின் ஷீல்டு வழியே ஓடுகிறது. இரண்டையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் செருகுங்கள். அதற்கும் போகாவிட்டால் லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவே, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டி.ஐ. பாக்ஸ் (எர்த் இணைப்பைப் பிரித்து, பாட்டை மட்டும் கடத்தும் சின்னப் பெட்டி) ஒன்று போடுங்கள்.

கேள்வி: 250 வாட் ஆம்பில் 100 வோல்ட் லைன் (பல ஸ்பீக்கர்களுக்குத் தூரம் கொண்டுபோகும் உயர் வோல்டேஜ் ஸ்பீக்கர் லைன்) எடுத்து, 30 வாட் குழாய் ஸ்பீக்கர் எத்தனை கட்டலாம்? (முதுகுளத்தூர் வாசகர்)

கணக்குப்படி 8 குழாய், அதாவது 240 வாட். நான் 7-உடன் நிறுத்திக்கொள்வேன். விடிய விடிய ஓடும் ஆம்புக்குக் கொஞ்சம் மூச்சு வேண்டும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. ஒவ்வொரு குழாயிலும், லைன் வோல்டேஜை யூனிட்டுக்கு ஏற்றபடி இறக்கும் லைன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரோடு இருக்கும் 30 வாட் குழாய், லைனுக்கு ஏறக்குறைய 333 ஓம் ஆகத் தெரியும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத 16 ஓம் யூனிட் ஒன்றே ஒன்று தவறிச் சேர்ந்தால், அது மட்டும் 625 வாட் கேட்கும். யூனிட் கருகும், ஆம்பின் அவுட்புட்டும் அதோடு போகலாம். அப்புறம், ஸ்பீக்கர் வயர்தானே என்று பாட்டு ஓடும்போது ஜாயிண்டைக் கையால் முறுக்காதீர்கள். சத்தம் உச்சத்தில் இருக்கும்போது அதில் 100 வோல்ட் வரை வரும். நன்றாகவே ஷாக் அடிக்கும்.

கேள்வி: ஃபியூஸ் மாற்ற மாற்றப் போகிறது. இப்போதைக்குச் செம்புக் கம்பி சுற்றி ஓட்டலாமா? (வந்தவாசி வாசகர்)

அப்படி ஓட்டிய ஆம்ப் ஒன்று என் மேசைக்கு வந்தது. ஃபியூஸ் இருந்த இடத்தில் நாலைந்து இழைக் கம்பி. டிரான்ஸ்ஃபார்மரின் வார்னிஷ் உருகி வழிந்திருந்தது. அவுட்புட் டிரான்சிஸ்டர் இரண்டு மாற்றினால் முடிந்திருக்க வேண்டிய வேலை, டிரான்ஸ்ஃபார்மர் செலவில் போய் நின்றது. பந்தல் துணி பக்கத்தில் இல்லாதது அவர்கள் நல்ல நேரம்.

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, 100 வாட் குண்டு பல்பை ஆம்புக்கு வரும் கரண்ட் வழியில் சீரிஸில் போட்டு ஆம்பை ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் பெரிய ஷார்ட் இல்லை. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். புது ஃபியூஸ், பழையதன் அதே ஆம்பியரில்தான் போட வேண்டும்.

கேள்வி: வீட்டிலேயே தூசி எடுக்கலாமா? (கோவை வாசகர்)

எடுக்கலாம், வருஷத்துக்கு ஒரு தடவையாவது. பிளக்கைக் கழற்றியவுடன் மூடியைத் திறந்து கை வைக்காதீர்கள். பெரிய ஃபில்டர் கண்டென்சர்களில் சார்ஜ் நிற்கும். மீட்டரில் டி.சி. வோல்டேஜ் பார்த்து, சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் பிரஷை எடுக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து இறக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. பொறி பறக்கும், கண்டென்சரும் கெடும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜெனரேட்டரில் ஓட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்? (பண்ருட்டி வாசகர்)

நியூட்ரலை, அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயரை. மூன்று பேஸ் ஜெனரேட்டரில் நியூட்ரல் லூஸானால், லோடு குறைவாக உள்ள பேஸில் வோல்டேஜ் 400-ஐ நெருங்கக்கூடும். சீரியல் செட் எல்லாம் எரியவிட்டு, மீட்டரில் 230 நிலையாக நிற்பதைப் பார்த்த பிறகு ஆம்பைச் செருகுங்கள். ஆன் செய்யும்போது ஆம்ப் கடைசி, ஆஃப் செய்யும்போது ஆம்ப் முதல்.

கேள்வி: மழை வந்தால் ஆம்ப் மேல் தார்ப்பாய் போட்டு மூடலாமா? (சீர்காழி வாசகர்)

ஓடும்போது மூடினால் காற்றில்லாமல் வெந்துவிடும். முதலில் மெயினை அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள், பிறகு மூடுங்கள். கச்சேரி பத்து நிமிஷம் நின்றால் ஊரார் பொறுத்துக்கொள்வார்கள்.