தண்ணீர் மூலக்கூறு வளைந்தும் கார்பன் டை ஆக்சைடு நேராகவும் இருப்பது ஏன்?

இரண்டிலும் மூன்றே அணுக்கள்தான். வடிவத்தைத் தீர்மானிப்பது நடு அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் இணைகள். எல்லாமே எதிர்மின்சுமை கொண்டவை, அதனால் ஒன்றையொன்று முடிந்தவரை விலக்கித் தள்ளும்.

நான்கு பலூன்களை ஊதி, வாய்ப்பக்கத்தை ஒரே முடிச்சாகக் கட்டிப் பாருங்கள். தாமாகவே நான்முகி (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட உருவம்) வடிவில், அதன் நான்கு மூலைகளை நோக்கி விலகி நிற்கும், பார்க்கவே அழகு! தண்ணீரில் ஆக்சிஜனைச் சுற்றியும் நான்கு இணைகள். இரண்டு ஹைட்ரஜனோடு பிணைந்தவை, இரண்டு யாரோடும் சேராமல் தனித்தவை. தனித்த இணைக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் வேண்டும். அதனால் நான்முகியில் 109.5 பாகையாக இருக்க வேண்டிய, இரு ஹைட்ரஜன் பிணைப்புகளுக்கு இடையிலான கோணம் 104.5 ஆகச் சுருங்கிவிடுகிறது. கார்பன் டை ஆக்சைடின் கார்பனிடம் தனித்த இணையே இல்லை; அதன் இணைகள் ஆக்சிஜனுக்கு இரண்டிரண்டாக, இரண்டே கூட்டமாக நிற்கின்றன. இரண்டும் எதிரெதிரே விலகுவதால் 180 பாகை.

சரி, முனைவுத்தன்மை? மின்சுமை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதுதான் அது. கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கார்பன் டை ஆக்சைடில் இரு ஆக்சிஜன்களும் எதிரெதிரே சம பலத்தில் இழுப்பதால் கயிறு நகராது. தண்ணீரில் இரண்டு இழுப்பும் ஆக்சிஜன் பக்கமே சேர்கின்றன. உப்பு அதில் அவ்வளவு எளிதாகக் கரைவது இதனால்தான்.

பிணைப்புக்கு முனைவு இருந்தால் மூலக்கூறுக்கும் இருக்கும் என்று பலர் தேர்வில் எழுதிவிடுகிறார்கள். கார்பன் டெட்ராகுளோரைடில் நான்கு பிணைப்புகளும் முனைவுள்ளவை, மூலக்கூறோ முனைவற்றது.