கேளுங்க, சொல்றன்: கறுவாத் தோட்டமும் வர்த்தமானியும்

போன இதழ்ல விவசாயம் பற்றி நாலு வரி எழுதினதுக்கு இவ்வளவு கடிதம் வருமெண்டு நினைக்கேல்ல. எல்லாத்தையும் போட இடமில்ல, கொஞ்சம் எடுத்துப் போட்டிருக்கிறன்.

கேள்வி: கட்டார்ல எட்டு வருஷம் வேலை செய்து வந்திருக்கிறன். கையில கொஞ்சக் காசு இருக்கு. மாத்தறைப் பக்கம் கறுவாக் காணி, இல்லாட்டி மாத்தளையில மிளகுக் காணி வாங்கலாமெண்டு யோசனை. வீட்டில வேண்டாம் எண்டுறாங்க. நீங்க என்ன சொல்றீங்க? (தெஹிவளை வாசகர்)

தம்பி, கறுவா நல்ல சாமான்தான், அதில சந்தேகமே வேண்டாம். உண்மையான கறுவாவில உலகத்துக்குப் போறதில பெரும்பங்கு எங்கட நாட்டிலயிருந்துதான், 2022 பெப்ரவரில ஐரோப்பிய ஒன்றியம் "சிலோன் சினமன்" எண்ட பேருக்குப் புவிசார் குறியீடும் குடுத்திட்டுது. அங்க சுப்பர்மார்க்கட்ல மலிவா விக்கிறது பெரும்பாலும் இந்தோனேசியா, வியட்நாம், சீனாவில இருந்து வாற கசியா, அதில கூமரின் எண்டு ஒரு சாமான் கூட, கனக்கச் சாப்பிட்டா ஈரலுக்குக் கூடாது எண்டு அங்க எச்சரிக்கிறாங்க. எங்கட கறுவாவில அது மிச்சம் குறைவு. அப்ப சரக்கு நல்லது, பேர் இருக்கு, வாங்க ஆளும் இருக்கு. பிறகென்ன பிரச்சினை எண்டு கேப்பீங்க.

முதல் பிரச்சினை உரிக்க ஆளில்ல. கரந்தெனியப் பக்கம் ஒருக்கா நேரில பாத்தன், வயசான ஒருத்தர் நிலத்தில உக்காந்து கம்ப மடியில வச்சு மேல்தோலச் சுரண்டிப் போட்டு, பித்தளைக் கோலால அமத்தித் தேய் தேயெண்டு தேய்க்கிறார், பிறகு கத்தியால ஒரு கீறு, பட்டை சட்டை கழட்டின மாதிரி முழுசா வருது. அதை ஒண்டுக்குள்ள ஒண்டா அடுக்கிச் சுருட்டிக் குழலாக்கிறார். மெல்லிசா வந்தா அல்பா எண்ட தரம், அதுக்குத்தான் உச்ச விலை. தடிச்சுப் போனா விலை மடமடெண்டு இறங்கும். இந்தக் கை வர வருஷக்கணக்காகும், ஆனா அவர்ட மகன் ஓட்டோ ஓடுறான், ஏனெண்டு கேட்டா "பட்டை உரிக்கிறவனுக்கு ஆர் பொம்பிளை குடுக்கிறது" எண்டு சிரிக்கிறார். விளைச்சல்ல பாதி வரைக்கும் உரிக்கிறவருக்குப் போற இடங்களும் இருக்கு, அப்பிடியிருந்தும் ஆள் கிடைக்காது. ஆள் வராட்டி உங்கட தோட்டம் வெறும் காடுதான்.

ரெண்டாவது காணி. விக்கிறவர் காட்டிற கடதாசியை நல்லாப் பாருங்க. சின்னக்கர உறுதியா, அதாவது முழுச் சொந்தக் காணிக்கான உறுதியா, இல்லாட்டி அரசாங்க அனுமதிப்பத்திரமா? 1935ம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில குடுத்த காணியெண்டா பிரதேச செயலாளர்ட சம்மதம் இல்லாம கைமாத்தேலாது, பாங்க்ல வச்சுக் கடன் எடுக்கிறதும் லேசில்ல. நாட்டுக் காணியில 80 வீதத்துக்கு மேல அரசாங்கத்திட்டத்தான் இருக்கு. வெளிநாட்டுக் கொம்பனி முதலீடு செய்ய வந்தாலும் முதல்ல முட்டிற சுவர் இதுதான், நீங்க மட்டும் இல்ல.

மூண்டாவதுதான் எனக்கு உண்மையில பயம். கறுவா நட்டு முதல் வெட்டு வெட்ட மூண்டு வருஷம். மிளகும் அப்பிடித்தான், மூண்டாம் வருஷம்தான் கொஞ்சம் பிடிக்கத் தொடங்கும். தென்னை இன்னும் கூட. ஆனா எங்கட வர்த்தமானி, அரசாங்கம் சட்டம் அறிவிக்கிற கெசட், ஒரு ராத்திரியில மாறும். 2015ல கிளைபோசேட் எண்ட களைகொல்லிக்குத் தடை, 2018ல தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் திருப்பி விட்டாங்க. 2021 ஏப்ரல்ல பாம் ஒயில் தடை, செம்பனை நட்டவங்கள் படிப்படியாப் பிடுங்குங்கோ எண்டு சொல்லுப்பட்டாங்க. அடுத்த மாசம் ரசாயன உரம் முழுக்கத் தடை, நவம்பர்ல அதையும் எடுத்திட்டாங்க, அதுக்குள்ள பெரும்போகம் பாழ். சீனாவில இருந்து வந்த சேதன உரத்தில கெட்ட பக்டீரியா எண்டு வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுக் கடைசியில 67 லட்சம் டொலரும் கட்டினம். அந்த ஏழு மாசத்த ஒரு முதலீட்டுக்காரனும் மறக்கமாட்டான். மழை பிழைச்சா அடுத்த போகம் பாக்கலாம், சட்டம் பிழைச்சா ஆரிட்டப் போய்க் கேக்கிறது?

மிளகுக்கு வேற கதை. எங்கட மிளகுக்குப் பெரிய வாடிக்கை இந்தியா, 2000 மார்ச்சில இருந்து சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் நடக்குது. ஆனா சில புத்திசாலிகள் வியட்நாம் மிளக இங்க இறக்கி, இலங்கை மிளகெண்டு கடதாசி செய்து இந்தியாவுக்கு அனுப்பினாங்க. கேரளா, கர்நாடகா விவசாயி கத்தினான், 2017 டிசம்பர்ல இந்தியா கிலோவுக்கு 500 இந்திய ரூபாய்க்குக் குறைஞ்ச மிளக எடுக்கமாட்டம் எண்டிட்டுது. அடி விழுந்தது மாத்தளையில மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த எங்கட மச்சான் மாதிரி ஆக்களுக்கு. மனுசன் சாக்கைக் கட்டி வீட்டுக்குள்ள வச்சிட்டு ஒவ்வொரு நாளும் கடைக்காரருக்குக் கோல் எடுத்து விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

வேண்டாமெண்டு சொல்லேல்ல தம்பி. இருக்கிற காசு முழுக்கக் காணிக்குள்ள போடாதீங்க, மூண்டு வருஷச் சாப்பாட்டுக் காசத் தனிய வையுங்க. முதல்ல ரெண்டு ஏக்கர், சின்னக்கர உறுதி, பக்கத்தில உரிக்கிற ஆக்கள் இருக்கிற ஊர். கடன் எடுத்து மட்டும் செய்யாதீங்க, 2022 கடைசியில பாங்க் வட்டி 25 வீதத்துக்கு மேல போனது ஞாபகம் இருக்கும்தானே, அந்த வட்டிக்கு எந்தக் கறுவாவும் வளராது.

கேள்வி: பம்பாய் வெங்காயம், பருப்பு, உருளைக்கிழங்கு எல்லாம் வெளியாலதான் வருது. இவ்வளவு மண்ணும் மழையும் இருந்து என்ன பிரயோசனம்? (வெள்ளவத்தை வாசகி)

பருப்ப விடுங்க அக்கா, மைசூர் பருப்பு எங்கட சூட்டுக்குச் சரிவராது. வெங்காயம்தான் கதை. 2023 டிசம்பர்ல இந்தியா ஏற்றுமதிய நிப்பாட்டினதும் புறக்கோட்டையில விலை ஏறினது உங்களுக்கே தெரியும். அப்ப தம்புள்ளப் பக்கம் ஆசைப்பட்டுக் கூட நடுவாங்க. அறுவடை வாற நேரம் கப்பலும் வந்து இறங்கும், விசேட வியாபாரப் பண்ட அறவீடு எண்ட இறக்குமதி வரியைக் கூட்டுங்கோ எண்டு விவசாயி கேப்பான், குறையுங்கோ எண்டு நாங்க கொழும்பில கேப்பம், ரெண்டு பேர்ட சத்தத்தில எது பெரிசோ அதுக்கேத்த மாதிரி வரி மாறும். நானும் அந்தக் குறையுங்கோ கூட்டம்தான், மறைக்கேல்ல.

இன்னொண்டு, பேலியகொட மெனிங் சந்தைக்கு ஒருக்கா விடியக்காலம நாலு மணிக்குப் போய்ப் பாருங்க. லொறியில கோவா சாக்கோட சாக்கா அமத்தி, அதுக்கு மேல ஆளும் உக்காந்து வரும். இறக்கி மேல் இலைய உரிச்சு எறிஞ்சு எறிஞ்சு, உருண்டையா வந்தது பாதியாப் போயிருக்கும். மரக்கறி, பழத்தில 30, 40 வீதம் வழியிலயே வீணாப்போகுது எண்டு கணக்கு. 2011ல பிளாஸ்டிக் கூடை கட்டாயம் எண்டு கொண்டுவந்தாங்க, வெறுங்கூடை திருப்பிக் கொண்டுபோற செலவ ஆர் தாறது எண்டு யாவாரிகள் சண்டைபிடிச்சாங்க, அதோட போச்சு. அவங்க கேட்ட கேள்வியும் நியாயம்தான்.

கேள்வி: தேயிலையால டொலர் வருது எண்டுறாங்க. சம்பளம் கேட்டா மட்டும் கொம்பனிக்கு நட்டம். எது உண்மை? (கொட்டாஞ்சேனை வாசகர், சொந்த ஊர் அட்டன்)

ரெண்டும் உண்மை, அதுதான் கொடுமை. 2024ல தேயிலை ஏற்றுமதி 140 கோடி டொலர் சொச்சம். நாலரை, அஞ்சு கிலோ பச்சைக் கொழுந்துதான் ஒரு கிலோ தூள். ஒரு ஆள் ஒரு நாளைக்கு 18 கிலோ கொழுந்து எடுத்தா நாலு கிலோ தூள், 2024 கொழும்பு ஏல விலைக்குக் கிலோ 1,200 ரூபாய் மட்டில போட்டா 4,800. அதில 2024 கடைசியில இருந்த நாள் சம்பளம் 1,350, மிச்சத்தில உரம், விறகு, கரண்ட், ஃபக்டரி, துரைமார். இதுதான் கொம்பனி காட்டிற கணக்கு. காட்டாத கணக்கு ஒண்டு இருக்கு. 1992ல குத்தகைக்குக் குடுத்த தோட்டங்களின்ர குத்தகை 2045ல முடியுது. புதுச் செடி நட்டா நாலு வருஷம் சும்மா பாத்துக்கொண்டிருக்கோணும், போட்ட காசு திரும்ப இன்னும் கனகாலம். முடியப்போற குத்தகைக்கு ஆர் அப்பிடிக் காசு கொட்டுவான்? அப்ப வெள்ளைக்காரன் காலத்துச் செடியிலயே கிள்ளிக்கொண்டிருக்கிறது, விளைச்சல் குறைஞ்சா எடுக்கிற கைய ஏசுறது. இப்ப நாட்டுத் தேயிலையில முக்கால்வாசி வரைக்கும் சிறுதோட்டக்காரர்தான் தாறாங்க, சொந்தக் காணியெண்டா நடுறதுக்கு மனம் வரும். உங்கட ஊர்ச் சனத்துக்கு அந்தக் காணிய ஒழுங்கா எழுதிக் குடுத்துப் பாத்திருக்கலாம், இருநூறு வருஷமா ஒருத்தருக்கும் அந்த யோசனை வரேல்ல.

கேள்வி: தேங்காய் 200 ரூபாய் தாண்டினதுக்குக் குரங்குதான் காரணமாம், உண்மையா? (மருதானை வாசகர்)

குரங்கும் ஒரு காரணம். 2025 மார்ச் 15 காலம எட்டு மணியில இருந்து எட்டு அஞ்சு மட்டும் நாடு முழுக்க நிண்டு எண்ணினாங்களே, அந்த அஞ்சு நிமிஷமும் அதுகள் அசையாம நிண்டிருக்குமெண்டு நம்புறன். மற்றக் காரணம் 2021ல உரம் போடாத தென்னை. அதுகளை ஒருத்தரும் எண்ணேல்ல.